யார் கையில் கத்தரிக்கோல்?

விஸ்காம், ஜர்னலிசம், மாஸ் கம்யூனிகேஷன் படிக்கிற மக்களே... செமஸ்டர் டைம்டேபிள் நோட்டீஸ் போர்டுல ஏறியாச்சா? கூட்டத்துக்கு நடுவுல எக்கிப் பார்த்தப்போ, எல்லா பேப்பரையும் ஜாலியா கடந்து வந்த கண்ணு ஒரே ஒரு பேப்பர்ல மட்டும் 'ஜெர்க்' ஆகி நின்னிருக்குமே... கரெக்ட்! 'மீடியா லாஸ் அண்ட் எதிக்ஸ்'தான் அது.

கேமரா பேப்பர்னா அப்பர்ச்சர், ஷட்டர் ஸ்பீடுனு தூக்கத்துலகூட எழுதிடலாம். எடிட்டிங் பேப்பர்னா லேப்ல கத்துக்கிட்டதை வெச்சு ஒப்பேத்திடலாம். ஆனா, ஊடக ஒழுங்குமுறைனு வந்துட்டா சட்டம், பிரிவு, வருஷம், கமிட்டினு வரிசையா நின்னு பயமுறுத்தும். நாமளும் என்ன பண்றோம்? சீனியர் அக்காகிட்ட நோட்ஸ் வாங்கி, ஜெராக்ஸ் கடையில க்யூவுல நின்னு, முதல் நாள் ராத்திரி ஃபுல்லா மனப்பாடம் பண்றோம். காலையில ஹாலுக்குள்ள போனதும் 1952-க்குப் பக்கத்துல எந்தச் சட்டம், 1978-க்குப் பக்கத்துல எந்தச் சட்டம்னு எல்லாம் கலந்து ஒரே கூட்டாஞ்சோறு!

இதுல உங்க ஞாபக சக்தி மேல எந்தத் தப்பும் இல்லை. போன் டைரக்டரியை யாராவது கதை மாதிரி ஞாபகம் வெச்சுக்க முடியுமா? இந்த பேப்பரை டைரக்டரியா படிக்காதீங்க. இதுக்குள்ள இருக்கிறது ஒரே ஒரு கேள்விதான். ஒருத்தர் ஒண்ணு சொல்ல நினைக்கிறார். அதை வெட்டுற கத்தரிக்கோல் யார் கையில இருக்கு? அவர் சொல்றதுக்கு முன்னாடியே வெட்டலாமா, சொன்ன பிறகுதான் வெட்டலாமா? தப்பா வெட்டிட்டா எங்கே போய் முறையிடுறது?

இந்தக் கேள்வியைக் கையில பிடிச்சுக்கிட்டு வாங்க, மொத்த சிலபஸையும் ஒரு ரவுண்டு வந்துடலாம்.

முதுகெலும்பு எண் 19

நம்ம அரசியலமைப்புச் சட்டத்துல 'பத்திரிகைச் சுதந்திரம்'னு தனியா ஒரு வார்த்தை கிடையாது. 19(1)(அ) பிரிவு எல்லாக் குடிமக்களுக்கும் பேச்சு, கருத்து வெளிப்பாட்டுச் சுதந்திரம் கொடுக்குது. பத்திரிகைக்கும் சினிமாவுக்கும் உங்க இன்ஸ்டா ரீல்ஸுக்கும் அதுதான் ஆதாரம். பெரிய பேப்பர் எடிட்டருக்கு இருக்கிற அதே உரிமைதான், ஹாஸ்டல் ரூம்ல உட்கார்ந்து டைப் பண்ற உங்களுக்கும்.

அடுத்த கதவு 19(2). அந்தச் சுதந்திரத்துக்கு 'நியாயமான கட்டுப்பாடு' போடலாம்னு இது சொல்லுது. எந்தக் காரணத்துக்காக? எட்டே எட்டு காரணம். நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், அரசின் பாதுகாப்பு, வெளிநாடுகளோடு நட்புறவு, பொது ஒழுங்கு, நாகரிகம் அல்லது ஒழுக்கநெறி, நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றம் செய்யத் தூண்டுதல். கருத்தைத் தடுக்குற சட்டம் இந்த எட்டுல ஒண்ணுக்குள்ள அடங்கணும். அடங்கலைனா கோர்ட்டுல நிக்காது.

இந்த எட்டை மட்டும் மனப்பாடம் பண்ணிடுங்க. இந்த பேப்பர்ல வரிக்கு வரி மனப்பாடம் பண்ண வேண்டியது கிட்டத்தட்ட இது ஒண்ணுதான். மத்ததெல்லாம் கதை!

ஒரே நாள்... ரெண்டு பத்திரிகை!

முதல் கதை நம்ம ஊர் சம்பந்தப்பட்டது. ரொமேஷ் தாப்பர் பம்பாயிலிருந்து 'கிராஸ் ரோட்ஸ்'னு ஒரு இடதுசாரி வார இதழ் நடத்தினார். அந்த இதழ் மாகாணத்துக்குள்ளயே வரக் கூடாதுனு சென்னை அரசு தடை போட்டுச்சு. 1949-ல் வந்த சென்னைப் பொது ஒழுங்கு பராமரிப்புச் சட்டம்தான் அதுக்கு ஆயுதம். தாப்பர் நேரா உச்ச நீதிமன்றம் போனார். 1950 மே மாசம் தீர்ப்பு. தடை செல்லாது! கருத்துச் சுதந்திரம்னா அச்சடிக்கிறது மட்டுமில்ல, அது நாலு பேர்கிட்ட போய்ச் சேர்றதும்தான்னு கோர்ட் சொல்லுச்சு.

அதே நாள்ல இன்னொரு தீர்ப்பும் வந்துச்சு. டெல்லியிலிருந்து வந்த 'ஆர்கனைசர்' இதழுக்கு, அச்சடிக்கிறதுக்கு முன்னாடியே மேட்டரைக் காட்டி அனுமதி வாங்கணும்னு உத்தரவு போட்டிருந்தாங்க. அதுவும் ரத்து. ஒண்ணு இடதுசாரி, இன்னொண்ணு வலதுசாரி. ரெண்டுக்கும் ஒரே நியாயம். பரிட்சையில இந்த ஜோடியைச் சேர்த்து எழுதிப் பாருங்க. எனக்குப் பிடிச்ச கருத்துக்கு மட்டும் சுதந்திரம்னா அதுக்குப் பேரு சுதந்திரமே இல்லைங்கிறது, நீங்க தனியா வசனம் பேசாமலே புரிஞ்சுடும்.

கதை இங்கே முடியலை. அப்போ 19(2)-ல் 'பொது ஒழுங்கு'ங்கிற காரணமே கிடையாது. அரசு சும்மா இருக்குமா? அடுத்த வருஷமே, 1951-ல், முதல் அரசியலமைப்புத் திருத்தம் வந்தது. பொது ஒழுங்கு, வெளிநாட்டு நட்புறவு, குற்றம் செய்யத் தூண்டுதல்னு மூணு காரணம் உள்ளே நுழைஞ்சது. கூடவே 'நியாயமான'ங்கிற வார்த்தையும் வந்தது. கத்தரிக்கோலையும் பெருசாக்கினாங்க, அதுக்கு ஒரு உறையும் போட்டாங்க. கட்டுப்பாடு நியாயமானதானு கோர்ட் இன்னிக்கும் கேட்கிறது அந்த ஒரு வார்த்தையை வெச்சுத்தான். இறையாண்மை, ஒருமைப்பாடு ரெண்டும் 1963-ல் சேர்ந்தது.

முன்னாடியா... பின்னாடியா?

சிலபஸ்ல முக்கியமான திருப்பம் இதுதான். இதைப் பிடிச்சுட்டா பாதி பேப்பர் முடிஞ்ச மாதிரி.

1994. ஆட்டோ சங்கரை ஞாபகம் இருக்கா? சென்னையில பல கொலை வழக்குகள்ல சிக்கி, தூக்குத் தண்டனை பெற்றவர். அவர் சிறையில எழுதின சுயசரிதையை வெளியிடப்போறதா 'நக்கீரன்' அறிவிச்சது. அதிகாரிகள் சிலருக்கும் அவருக்கும் இருந்த தொடர்பு வெளியே வரும்னு பேச்சு. சிறைத்துறை உடனே கடிதம் எழுதி, வெளியிடக் கூடாதுன்னுச்சு. விஷயம் உச்ச நீதிமன்றம் போச்சு. 'ஆர்.ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு'ன்னு உங்க புத்தகத்துல இருக்குமே, அந்த வழக்குதான்.

தீர்ப்பு என்ன? அதிகாரிகளுக்கு அவதூறு ஆகிடுமோங்கிற பயத்துல வெளியிடுறதுக்கு முன்னாடியே தடுக்க அரசுக்கு அதிகாரம் இல்லை. வெளியான பிறகு பொய்யினு தெரிஞ்சா, பாதிக்கப்பட்டவங்க வழக்குப் போடலாம். பொது ஆவணங்கள்ல இருக்கிறதை அவர் சம்மதம் இல்லாமலே எழுதலாம். அதைத் தாண்டி ஒருத்தரோட அந்தரங்கத்துக்குள்ள போனா, விளைவுக்கு நீங்கதான் பொறுப்பு. ஆக, அச்சு ஊடகத்துக்குக் கத்தரிக்கோல் பொதுவா பின்னாடிதான் வரும்.

இப்போ 24 வருஷம் ரிவைண்ட் பண்ணுங்க. 1970. எழுத்தாளர், இயக்குநர் கே.ஏ.அப்பாஸ், நாலு நகரங்களோட பணக்கார முகத்தையும் ஏழை முகத்தையும் காட்டுற ஒரு குட்டி டாக்குமென்டரி எடுத்தார். அதுல பம்பாயின் சிவப்பு விளக்குப் பகுதிக் காட்சி இருந்ததால, 'யு' கேட்டவருக்கு 'ஏ' கொடுத்தாங்க. அவர் உச்ச நீதிமன்றம் போனார். வழக்கு நடக்கும்போதே, 'சரி, வெட்டாமலே யு கொடுத்துடறோம்'னு அரசு இறங்கி வந்தது. நம்மளா இருந்தா டீ சொல்லிட்டுக் கிளம்பியிருப்போம். அப்பாஸ் கிளம்பலை. 'என் படத்தோட பிரச்னை மட்டும் இல்லை. பத்திரிகைக்கு முன்தணிக்கை இல்லாதப்போ சினிமாவுக்கு மட்டும் ஏன்?'னு கேட்டார்.

கோர்ட் அவர் பக்கம் நிக்கலை. சினிமா மத்த கலைகளைவிட ஆழமா உணர்ச்சியைத் தூண்டும், குறிப்பா சின்னப் பசங்களைப் பாதிக்கும், அதனால முன்தணிக்கை செல்லும்னு தீர்ப்பு. ஆனா அப்பாஸ் வெறும் கையோட திரும்பலை. வெட்டுறதுக்குத் தெளிவான விதி வேணும், வாரியத்தோட முடிவை எதிர்த்து அரசுகிட்டயே அப்பீல் பண்ற முறை போதாதுங்கிற விஷயங்கள் அந்த வழக்குலதான் பலமா எழுந்துச்சு. பிறகு 1983-ல் திரைப்படச் சான்றிதழ் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வந்தது. அதே வருஷம்தான் 'சென்சார் போர்டு' பேரும் மாறி மத்திய திரைப்படச் சான்றிதழ் வாரியம் ஆச்சு.

இந்த ரெண்டு வழக்கையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு எழுதுங்க. ஒரே 19-வது பிரிவு, ஆனா அச்சுக்குப் பின்னாடி கத்தரி, சினிமாவுக்கு முன்னாடி கத்தரி. 'இது இன்னிக்கும் நியாயமா?'ன்னு ஒரு வரி உங்க சொந்தக் கருத்தையும் சேர்த்தா எக்ஸாமினர் நிமிர்ந்து உட்காருவார்.

சான்றிதழ் இருக்கு... தியேட்டர் இல்லை!

'சென்சார் முடிஞ்சாச்சு, இனி யாரும் தடுக்க முடியாது'னு நினைச்சா, அதுவும் பாதி உண்மைதான்.

'ஒரே ஒரு கிராமத்திலே'ன்னு ஒரு தமிழ்ப் படம். இட ஒதுக்கீட்டைப் பத்தின கதை. 'யு' சான்றிதழ் கிடைச்சது. எதிர்ப்பு கிளம்பி, சென்னை உயர் நீதிமன்றம் சான்றிதழை ரத்து பண்ணுச்சு. 1989-ல் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிக் கொடுத்தது. 'கலவரம் வந்துடும்'னு சும்மா ஊகம் பண்ணி ஒரு படத்தை நிறுத்த முடியாது, வெடிமருந்துல விழுற பொறி மாதிரி ஆபத்துக்கும் படத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்கணும்னு கோர்ட் விளக்கிச்சு. எதிர்ப்பு வருதேன்னு படத்தை நிறுத்துறது அரசோட வேலை இல்லை, படம் ஓடப் பாதுகாப்பு கொடுக்கிறதுதான் வேலை.

தீர்ப்பு பக்கா. நடைமுறை? 2013 ஜனவரியில் 'விஸ்வரூபம்' யு/ஏ சான்றிதழோட ரிலீஸுக்கு ரெடியா நின்னுச்சு. மாவட்ட ஆட்சியர்கள் 144 தடை உத்தரவு போட்டாங்க. உயர் நீதிமன்றத்துல ஒரு நாள் தடை நீங்குச்சு, மறுநாளே டிவிஷன் பெஞ்சுல திரும்பி வந்துச்சு. கடைசியில பேச்சுவார்த்தை நடந்து, சில இடங்கள்ல ஒலியை மியூட் பண்ணி, பிப்ரவரி 7-ல்தான் தமிழ்நாட்டுல படம் வந்தது. சான்றிதழ் கொடுத்தது ஒரு கை, கத்தரி பிடிச்சது வேற கை! சட்டத்துல எழுதியிருக்கிற கத்தரிக்கோல், எழுதாத கத்தரிக்கோல்னு ரெண்டு உண்டுனு விளக்க இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

கும்ப்ளேவும் காற்றலையும்

டி.வி. ஏரியாவுக்குப் போவோம். 1993 ஹீரோ கோப்பை ஃபைனல் பத்தி அப்பா, சித்தப்பா யாரையாவது கேளுங்க. ஈடன் கார்டன்ல 12 ரன் கொடுத்து 6 விக்கெட் சாய்ச்ச கும்ப்ளேவைப் பத்திக் கண்ணு விரியச் சொல்வாங்க. அந்த மேட்ச்சை ஒளிபரப்ப யாருக்கு உரிமைனு வங்காள கிரிக்கெட் சங்கத்துக்கும் தூர்தர்ஷன் பக்கத்துக்கும் பெரிய மல்லுக்கட்டு. அது கோர்ட்டுக்குப் போய், 1995-ல் நம்ம டி.வி. சரித்திரத்தையே மாத்தின தீர்ப்பா வந்தது. காற்றலை பொதுச் சொத்து. அதை அரசு ஏகபோகமா வெச்சுக்கக் கூடாது, தனியாரும் இஷ்டத்துக்கு ஆளக் கூடாது, மக்கள் நன்மைக்காக ஒரு தன்னாட்சி அமைப்பு நிர்வகிக்கணும். இதுதான் சாரம். 1990-ல் சட்டமாகி அலமாரியில தூங்கின பிரசார் பாரதி, 1997-ல் நடைமுறைக்கு வந்தது. அண்ணா பல்கலைக்கழகத்துல 2004-ல் ஆரம்பிச்ச கேம்பஸ் சமுதாய வானொலியையும் இந்தக் கோணத்துலயே எழுதலாம்.

தனியார் சேனலுக்கு? 1995 கேபிள் டி.வி. சட்டம். அதுல நிகழ்ச்சி விதித் தொகுப்பு, விளம்பர விதித் தொகுப்புனு ரெண்டு இருக்கு. செய்தியைக் காட்டுறதுக்கு முன்னாடி யாரும் பார்த்துச் சான்றிதழ் தர்றதில்லை. ஆனா விதியை மீறினா நிறுத்தலாம், லைசென்ஸ் புதுப்பிக்கும்போதும் பிடி இருக்கு. 'மீடியா ஒன்'னு ஒரு மலையாள சேனல். பாதுகாப்பு அனுமதி இல்லைனு 2022 ஜனவரியில் நிறுத்திட்டாங்க. காரணம் என்னன்னு சேனலுக்கே சொல்லலை, சீல் வெச்ச கவர்ல கோர்ட்டுக்கு மட்டும் கொடுத்தாங்க. 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த முடிவை ரத்து பண்ணுச்சு. 'தேசப் பாதுகாப்பு'னு சொல்லிட்டாலே கேள்வி கேட்கக் கூடாதுனு ஆகிடாது, காரணத்தைச் சொல்லணும்கிறது அந்தத் தீர்ப்போட பாடம்.

கத்தரினாலே வில்லனா?

இங்கேதான் நம்ம ஆளுங்க நிறைய பேர் சறுக்குறாங்க. 'கருத்துச் சுதந்திரம் வாழ்க, கட்டுப்பாடு ஒழிக'ன்னு ஆவேசமா ரெண்டு பக்கம் எழுதிட்டு அஞ்சு மார்க்கோட வர்றாங்க.

கொஞ்சம் யோசிங்க. பாலியல் குற்றத்துல பாதிக்கப்பட்ட ஒரு பொண்ணோட பேரையும் போட்டோவையும் சேனல்ல போட்டா? அது குற்றம், பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-வது பிரிவு அதைத் தடுக்குது. பாதிக்கப்பட்டது குழந்தைனா, 2012 போக்சோ சட்டம் 23-வது பிரிவு. இந்தக் கத்தரி இல்லைனா அந்தக் குழந்தை நாளைக்கு ஸ்கூலுக்கு எப்படிப் போகும்? அதனால 'வேணுமா, வேணாமா'னு கேட்கிற கேள்விக்கு ஒத்தை வார்த்தையில பதில் எழுதாதீங்க. எந்தக் கத்தரி யாரைக் காப்பாத்துது, எது யாரோட வாயை அடைக்குதுனு பிரிச்சு எழுதுங்க.

இதோட ஒட்டி வர்ற ஹாட் கேள்வி, 'சுய ஒழுங்குமுறை போதுமா?' இந்தியப் பத்திரிகை கவுன்சில் 1966-ல் வந்தது, எமர்ஜென்சியில கலைக்கப்பட்டது, 1978 சட்டப்படி 1979-ல் மறுபடி உயிர் பெற்றது. தப்பு பண்ணின பத்திரிகையை எச்சரிக்கலாம், கண்டிக்கலாம். அபராதம் போடவோ, பத்திரிகையை மூடவோ அதிகாரம் கிடையாது. பல் இல்லாத புலினு கிண்டல் பண்ணுவாங்க. அது சட்டத்தால வந்த அமைப்பு. செய்தி சேனல்கள் தாங்களே உருவாக்கிக்கிட்ட அமைப்பு 2008-லிருந்து இருக்கு. அது விதிக்கிற 1 லட்சம் ரூபாய் அபராதம் ஒரு சேனலுக்கு உறைக்குமானு 2023-ல் உச்ச நீதிமன்றமே கேட்டுச்சு. விளம்பரத்துக்கு 1985-ல் தொடங்கின 'ஆஸ்கி' இருக்கு. அதோட விதிகளைக் கேபிள் டி.வி. விதிகளே ஏத்துக்கிட்டதால, அதுக்குக் கொஞ்சம் பலம் அதிகம்.

ஆக, சுய ஒழுங்குமுறைக்குப் பின்னாடி சட்டம் ஒரு கை கொடுத்தா வேலை செய்யுது, தனியா விட்டா தடுமாறுது. பல்லு வேணும்னு கேட்கிறோம். ஆனா அந்தப் பல்லை அரசு கையில கொடுத்தா எமர்ஜென்சி ஞாபகம் வருது! இந்த இழுபறியை எழுதினாலே அது பத்து மார்க் பதில்.

உங்க போன்ல இருக்கிற கதை

2012 நவம்பர். பால் தாக்கரே மறைவை ஒட்டி மும்பை ஸ்தம்பிச்சு நின்னதைப் பத்தி, பால்கர்ங்கிற ஊர்ல ஒரு இளம்பெண் ஃபேஸ்புக்ல நாலு வரி எழுதினாங்க. தோழி ஒரு லைக் போட்டாங்க. ரெண்டு பேரையும் போலீஸ் கைது பண்ணுச்சு. லைக் போட்டதுக்கும் சேர்த்து! அதுக்குச் சில வாரம் முன்னாடி புதுச்சேரியில ஒருத்தர் ஒரு ட்வீட்டுக்காகக் கைதானார். ரெண்டு இடத்துலயும் பேசப்பட்டது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு. ஒருத்தருக்கு 'எரிச்சல்', 'அசௌகரியம்' தர்ற மாதிரி மெசேஜ் அனுப்பினா 3 வருஷம் வரை ஜெயில்னு அது சொல்லுச்சு. எரிச்சலுக்கு ஜெயில்னா நம்ம கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல யாருமே வெளிய இருக்க முடியாது!

இதை எதிர்த்து முதல்ல உச்ச நீதிமன்றம் போனது பெரிய மீடியா முதலாளி இல்லை. உங்க வயசை ஒட்டிய ஒரு மாணவி, ஷ்ரேயா சிங்கால். 2015 மார்ச் 24-ல் 66ஏ மொத்தமா செல்லாதுனு தீர்ப்பு வந்தது. விவாதிக்கிறது ஒண்ணு, ஒரு கருத்தை ஆதரிச்சுப் பேசுறது ஒண்ணு, தூண்டிவிடுறது வேற. தூண்டிவிடுற கட்டத்துக்குப் போனாதான் சட்டம் கை வைக்கலாம்னு கோர்ட் கோடு போட்டுச்சு. 'எரிச்சல்' அந்த எட்டு காரணத்துல எங்கேயாவது இருக்கா? இல்லை. முதுகெலும்பு ஞாபகம் வருதா?

அதுக்கப்புறம் நடந்ததுதான் அதிர்ச்சி. செத்துப்போன அந்தப் பிரிவுலயே பல மாநிலங்கள்ல போலீஸ் தொடர்ந்து வழக்குப் பதிவு பண்ணிக்கிட்டிருந்தது. 2021-ல் இதைக் கேட்டு உச்ச நீதிமன்றமே அதிர்ச்சி தெரிவிச்சது. 2022 அக்டோபரில், இனி யாரையும் 66ஏ-ல் வழக்கு நடத்தக் கூடாதுனு தெளிவா உத்தரவு போட வேண்டியதாச்சு. சட்டம் செத்தது ஸ்டேஷனுக்குத் தெரியலை, மாட்டினவருக்கும் தெரியலை. அதனாலதான் சொல்றேன், இந்த பேப்பர் மார்க்குக்கு மட்டும் இல்லை. உரிமை இருந்தா மட்டும் போதாது, இருக்குனு தெரிஞ்சிருக்கணும்.

அதுக்குப் பிறகு 2021-ல் வந்த ஐ.டி. விதிகள் ஓ.டி.டி-க்கு வயசு வாரியா தர அடையாளமும், மூணு அடுக்கு புகார் முறையும் கொண்டுவந்தது. டிஜிட்டல் செய்திக்கான சில விதிகளுக்கு அதே வருஷம் பம்பாய், சென்னை உயர் நீதிமன்றங்கள் இடைக்காலத் தடை விதிச்சது. அரசைப் பத்தின செய்தி பொய்யானு அரசே முடிவு பண்ற உண்மை சரிபார்ப்புப் பிரிவு 2023-ல் வந்தது. 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் அது செல்லாதுனு சொல்லுச்சு.

பழைய நோட்ஸா... உஷார்!

சீனியர் நோட்ஸ் தங்கம்தான். ஆனா இந்த பேப்பர்ல அதுக்குக் காலாவதித் தேதி உண்டு. ஜெராக்ஸ் எடுக்கும் முன்னாடி இதையெல்லாம் செக் பண்ணுங்க.

- திரைப்பட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இருக்குனு போட்டிருக்கா? 2021-ல் கலைச்சாச்சு. இப்போ அப்பீல் உயர் நீதிமன்றத்துக்கு.

- ஒரே ஒரு 'யு/ஏ' மட்டும் இருக்கா? 2023 திருத்தம் அதை 7+, 13+, 16+ என மூணா பிரிச்சாச்சு. தியேட்டர்ல போன்ல படம் பிடிச்சா 3 மாசத்திலிருந்து 3 வருஷம் வரை ஜெயில், குறைஞ்சது 3 லட்சம் அபராதம்கிறதும் அதே திருத்தம்தான். ஃப்ரெண்டுகிட்டயும் சொல்லிவைங்க!

- 1867 பத்திரிகைப் பதிவுச் சட்டம்? அதுக்குப் பதிலா 2023 சட்டம், 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில்.

- அவதூறுனா ஐ.பி.சி. 499, 500? 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா, 356-வது பிரிவு.

- 66ஏ இன்னும் உயிரோட இருக்கா? நோட்ஸைக் கிழிச்சுப் போட்டுடுங்க.

சிலபஸ்லயே பழைய சட்டம் இருந்தா பயப்படாதீங்க. 'முன்பு இது, இப்போது இது'னு ரெண்டையும் ஒரே வரியில எழுதுங்க. அப்டேட்டா இருக்கீங்கனு தெரியும், மார்க்கும் போகாது.

மூணு நாள் பிளான்

முதல் நாள் ஒரு சார்ட் பேப்பர் எடுங்க. இடது பக்கம் அச்சு, சினிமா, டி.வி.-ரேடியோ, விளம்பரம், இணையம்னு அஞ்சு வரிசை. மேலே அஞ்சு கேள்வி. யார் வெட்டலாம்? எதை? முன்னாடியா பின்னாடியா? எந்தச் சட்டப்படி? அப்பீல் எங்கே? மொத்தம் 25 கட்டம். புத்தகத்தைப் பார்த்தே நிரப்புங்க. அதுதான் உங்க முழு சிலபஸ்.

ரெண்டாவது நாள் வழக்குகள். ஒரு அட்டைக்கு ஒரு வழக்கு, நாலே வரி. என்ன நடந்தது, கோர்ட்டுகிட்ட என்ன கேட்டாங்க, கோர்ட் என்ன சொல்லுச்சு, அதனால என்ன மாறுச்சு. நாலாவது வரியைத்தான் நிறைய பேர் விட்டுடுவாங்க, மார்க் இருக்கிறதே அங்கேதான். ஆங்கிலத்துல எழுதுறவங்க வழக்குப் பேரை மட்டும் ஸ்பெல்லிங் பிசகாம எழுதிப் பழகுங்க.

மூணாவது நாள் கம்பைன்ட் ஸ்டடி. ஒருத்தர் ஒரு கதை சொல்லணும். உதாரணத்துக்கு, ஒரு ஊர்ல தண்ணித் திருட்டு, அதுல உள்ளூர்ப் பெரும்புள்ளி ஒருத்தர். இதே கதையைப் பத்திரிகையில கட்டுரையா எழுதினா, தியேட்டர்ல படமா விட்டா, சேனல்ல செய்தியா போட்டா, யூடியூப்ல வீடியோவா ஏத்தினா யார் யார் கத்தரியோட வருவாங்க? ஒருத்தர் அதிகாரி, ஒருத்தர் வக்கீல், ஒருத்தர் நீதிபதி. சண்டை போடுங்க. டீ குடிங்க. மறுபடி சண்டை போடுங்க. அன்னிக்கு சண்டையில சொன்னது எதுவும் பரிட்சையில மறக்காது.

பரிட்சை மூணு மணி நேரத்துல முடிஞ்சுடும். அடுத்த வருஷம் உங்கள்ல ஒருத்தர் ரிப்போர்ட்டரா மைக் பிடிச்சு நிப்பீங்க, ஒருத்தர் குறும்படம் எடுப்பீங்க, ஒருத்தர் சேனல் டெஸ்க்ல உட்கார்ந்து ஒரு பொண்ணோட முகத்தை மறைக்கணுமா வேணாமானு முடிவு பண்ணுவீங்க. ஒருநாள் யாராவது வந்து 'இதைப் போடாதே'ன்னு சொல்லுவாங்க. அன்னிக்கு பயந்து நடுங்கவும் வேண்டாம், வீராவேசமா கத்தவும் வேண்டாம். 'எந்தச் சட்டப்படி சொல்றீங்க சார்? எழுத்துல கொடுங்க'ன்னு பணிவா கேளுங்க. அப்படிக் கேட்கிற தைரியத்துக்கான பாடம்தான் நீங்க இந்த வாரம் படிக்கப்போற பாடம்.

சார்ட் பேப்பர் வாங்கக் கிளம்பிட்டீங்களா? ஆல் தி பெஸ்ட்! அரியர் இல்லாம மீட் பண்ணுவோம்!